தபாலகத்துக்கு ஒரு பெயர், லயத்துக்கு ஒரு முகவரி

(மாத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் ஊர்த் தபாலகத்துக்கு ஒருவருடைய பெயரைச் சூட்டினால் என்ன ஆகும்? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். கையில் இருக்கும் தொலைபேசியில் கனடாவில் உள்ள பேரனின் முகத்தையே பார்க்கிறோம், இந்தக் காலத்தில் தபால் கந்தோரின் பெயரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

இருக்கிறது. வேலைக்கான நேர்முகப் பரீட்சை அழைப்பு, அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்ற வங்கியின் அறிவித்தல், பல்கலைக்கழக அனுமதி என்று வாழ்க்கையைத் திருப்பிப்போடும் காகிதங்கள் பலவும் இன்றைக்கும் தபாலில்தான் வருகின்றன. கொஞ்சல் கடிதங்கள் நின்றுபோயின. கட்டளைக் கடிதங்கள் நிற்கவில்லை. அந்தக் கடிதம் நம் கையில் சேருவதற்கு உறையின் மேல் நாலைந்து வரி எழுத வேண்டியிருக்கிறது. அந்த வரிகளில் ஒன்று தபாலகத்தின் பெயர். ஆகவே அந்தப் பெயரை மாற்றுவதோ அதனோடு ஒரு மனிதரின் பெயரைச் சேர்ப்பதோ விளையாட்டுக் காரியம் இல்லை.

நம் இலங்கையில் ஏறத்தாழ 650 தபாலகங்களும், ஏறத்தாழ 3,400 உப தபாலகங்களும் இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஊரின் பெயர்தான். மாத்தளை, தம்புள்ளை, உக்குவளை, இரத்தோட்டை, நாவுல, எல்கடுவ என்று போகிறது வரிசை. மாத்தளைக்கு 21000, தம்புள்ளைக்கு 21100 என்று குறியீட்டு எண்ணும் உண்டு. அப்படியிருக்க, "எங்கள் தலைவரின் பெயரைத் தபாலகத்துக்கு வைக்க வேண்டும்" என்று ஒரு மேடையில் யாராவது சொன்னால் கைதட்டல் எழும். கைதட்டல் ஓய்ந்த பிறகு நடப்பது என்ன என்பதைத்தான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

இந்த வழக்கம் ஒரு தொழில் போலவே நடக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஒரு தபாலகக் கட்டடத்துக்குப் பெயர் சூட்ட வேண்டுமென்றால் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். ஜனாதிபதி கையெழுத்திட வேண்டும். அண்மைக் காலக் காங்கிரஸ்கள் சிலவற்றில் நிறைவேறிய சட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கு தபாலகங்களுக்குப் பெயர் வைக்கும் சட்டங்களாகவே இருந்திருக்கின்றன. "வேறு வேலை இல்லையா இவர்களுக்கு?" என்று அந்நாட்டுப் பத்திரிகைகளே கேலி செய்வதுண்டு.

ஆனால் கேலியோடு விட்டுவிட முடியாத இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். ஒருவர் தலீப் சிங் சௌந்த். பஞ்சாபில் பிறந்து அமெரிக்கா சென்று விவசாயம் செய்தவர். அங்குள்ள இந்தியர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கப் பாடுபட்டவர். 1946இல் சட்டம் மாறிய பின்னர் தாமும் பிரஜையாகி, 1956இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவானார். ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்தச் சபைக்குத் தெரிவானது அதுவே முதல் தடவை. கலிபோர்னியாவில் தெமெக்குலா என்ற ஊரின் தபாலகக் கட்டடத்துக்கு 2005இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். மற்றவர் சீக்கியரான சந்தீப் சிங் தாலிவால். டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் காவல் அதிகாரி. தலைப்பாகையும் தாடியுமாகக் கடமை செய்ய அந்தக் கவுண்டியில் அனுமதி பெற்ற முதல் அதிகாரி. 2019 செப்டெம்பரில் வீதியில் ஒரு வாகனத்தை நிறுத்திச் சோதித்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ஹூஸ்டனின் மேற்குப் பகுதித் தபாலகம் ஒன்றுக்கு அவர் பெயரை வைக்கச் சட்டம் நிறைவேறியது.

அதனால் என்ன மாறியது? தபால் முறைப்படி பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. கட்டடத்துக்குள் ஒரு பெயர்ப்பலகை பதிப்பார்கள், ஒரு விழா எடுப்பார்கள். தெருவின் இலக்கமும் குறியீட்டு எண்ணும் முன்பிருந்தபடியே இருக்கும். அந்தப் பகுதியில் குடியிருப்பவர் தம் முகவரியில் தாலிவாலின் பெயரை எழுத மாட்டார். முத்திரை வாங்க வருகிறவர் பலகையைப் பார்த்தால் பார்ப்பார், இல்லையென்றால் இல்லை. ஆனால் அங்குள்ள சீக்கியக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பலகை ஒரு செய்தி சொல்கிறது: இந்த அரசாங்கக் கட்டடம் உனக்கும் உரியது. அது சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். 1948இல் ஒரே பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களின் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பிரஜாவுரிமைக்காகப் போராடிய சௌந்தின் பெயர் அரசாங்கக் கட்டடமொன்றில் ஏறுவதன் அருமை உங்களுக்குத் தெரியும்.

ஆக, பெயர்களில் இரண்டு வகை உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பலகைப் பெயர். அதை மரியாதைக்காக வைக்கிறோம். மற்றது முகவரிப் பெயர். அதைத் தேவைக்காக எழுதுகிறோம். பலகைப் பெயர் வைத்தவர்களின் ஆசையில் பிறக்கிறது. முகவரிப் பெயர் எழுதுகிறவர்களின் கையில் வளர்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெயர் சூட்டு விழாக்களில் இத்தனை ஆரவாரமும், பின்னால் இத்தனை ஏமாற்றமும்.

எட்டிப் போக வேண்டாம், மாத்தளையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1803இல் கண்டி மீது படையெடுத்து வந்த ஆங்கிலத் தளபதி மக்டவல், வடக்கே போகும் பாதையைக் காக்க இங்கே ஒரு கோட்டை கட்டினார். அதற்குத் தம் பெயரையே வைத்தார்: மக்டவல் கோட்டை. அதே ஆண்டு ஜூன் மாத முடிவில் அங்கிருந்த படை கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலையை நோக்கி ஓடியது. இன்று அந்தக் கோட்டையில் மிஞ்சியிருப்பது ஒரு வாசலும் ஒரு கல்லறைத் தோட்டமும். மக்டவல் என்ற பெயரைச் சொல்லி எந்த முச்சக்கர வண்டிக்காரரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள்! பீரங்கி வைத்துக் காத்த பெயரை ஊர் வாய் ஏற்கவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் மாத்தளைக்காரர் ஒருவருடையதுதான். மொனரவில கெப்பெட்டிப்பொல திசாவை இந்த மாத்தளையில் பிறந்தவர். ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அவரை அனுப்பினார்கள். அவரோ அவர்கள் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரர் பக்கம் சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியில் அவருடைய தலையைத் துண்டித்தார்கள். மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வந்தது 1954இல். வெலிமடைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயர் 'வில்சன் பங்களா' என்று வழங்கிய இடம் இன்று கெப்பெட்டிப்பொல. வெள்ளைக்காரன் பெயர் போய், அவன் தலைவெட்டிய மனிதரின் பெயர் வந்திருக்கிறது.

இந்தப் பெயர் எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு மரக்கறிப் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது. ஊவாவின் கிழங்கும் கோவாவும் போஞ்சியும் அங்கே சேர்ந்து லொறியேறுகின்றன. நம் மாவட்டத்தில் தம்புள்ளையிலும் அப்படியொரு நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வானொலியில் மரக்கறி விலை வாசிக்கும்போது இரண்டு பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. லொறிச் சாரதி சொல்கிறார், நாட்டாமை சொல்கிறார், கமக்காரர் சொல்கிறார். அவர்களில் எத்தனை பேர் 1818ஐ நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள்? மிகச் சிலராக இருக்கலாம். ஆனால் பெயர் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. பிள்ளை ஒன்று "யார் இந்தக் கெப்பெட்டிப்பொல?" என்று கேட்கும் வாய்ப்பு எந்நாளும் திறந்தே இருக்கிறது. ஒரு பெயருக்கு இதைவிடப் பெரிய வாழ்வு வேறென்ன?

இன்னொன்றும் கவனியுங்கள். பெயர் சூட்டும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருந்தாலும், அதை வழங்கும் உரிமை மக்களிடமே இருக்கிறது. கொழும்பில் டுப்ளிகேஷன் வீதிக்கு ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று பெயர் வைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிறவர் இன்னும் டுப்ளிகேஷன் வீதி என்றுதான் சொல்கிறார். புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை ஆனது, அது ஒட்டிக்கொண்டது. அந்த வீதியில் அரசாங்க நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் புதுப்பெயரைச் சுமந்து போயிற்று என்பதே என் ஊகம்.

அக்கரையில் இன்னொரு வேடிக்கை. சென்னையில் பிட்டி தியாகராயச் செட்டியார் நினைவாக வைத்த தியாகராய நகர், 'டி. நகர்' ஆகிவிட்டது. கலைஞர் கருணாநிதி நகர், 'கே.கே. நகர்' ஆகிவிட்டது. பெயர் நீளமாக இருந்தால் முகவரி அதைக் கடித்துச் சின்னதாக்கிவிடும். கௌரவிக்க வேண்டுமென்று பட்டமும் அடைமொழியும் சேர்த்து முழ நீளத்துக்குப் பெயர் வைப்போர் இதை மனதில் வைக்க வேண்டும். நீங்கள் எட்டுச் சொல்லில் வைத்த பெயரை ஊர் இரண்டு எழுத்தில் முடித்துவிடும்.

அடுத்து, பெயர் பிரிக்கும் என்பதையும் பேச வேண்டும். பெயர் ஒரு கூட்டத்தைச் சேர்க்கும்போதே இன்னொரு கூட்டத்தை வெளியே நிறுத்தவும் கூடும். தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர்களை வைத்துக்கொண்டே போனார்கள். காமராசர் மாவட்டம், சிதம்பரனார் மாவட்டம், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று வரிசை நீண்டது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படையில் இருந்த வீரர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சிலர். கடைசியில் அரசாங்கம் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒரேயடியாக எடுத்துவிட்டது. விருதுநகர் மீண்டும் விருதுநகர் ஆனது, தூத்துக்குடி மீண்டும் தூத்துக்குடி ஆனது. கடைசியாக வந்த ஒரு பெயரைச் சகிக்க முடியாததால் முன்பிருந்த பெயர்களும் போயின. எத்தனையோ பெயர்களைச் சகித்துக்கொண்ட பஸ், ஒடுக்கப்பட்டவரின் பெயருக்கு மட்டும் கனத்துவிட்டது. இது தமிழருக்குப் பெருமை தரும் கதை இல்லை. என்றாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

பெயரால் வரும் சண்டையை மலையகத்திலும் பார்த்தோம். தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரைத் தாங்கிய நிறுவனங்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்ததாக 2017இல் பிரச்சினை எழுந்தது. ஹட்டன் பக்கம் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஆட்சி மாறினால் பெயர் மாறும் என்ற நிலை வந்துவிட்டால் அந்தப் பெயர் ஒரு கட்சிக் கொடியைப் போல ஆகிவிடுகிறது. ஏற்றுவதற்கு ஒரு கூட்டம், இறக்குவதற்கு ஒரு கூட்டம். நடுவில் அந்த மனிதர் செய்த காரியங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தபாலகத்துக்கு வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. நமது மாவட்டத்தில் ஒரு தபாலகம் சிங்களக் கிராமத்துக்கும் முஸ்லிம் கிராமத்துக்கும் தமிழ்த் தோட்டத்துக்கும் சேர்த்தே சேவை செய்கிறது. வரிசையில் மூவரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். மாத்தளை விளையாட்டு மைதானத்துக்கு அரசியல்வாதி பர்னாட் அலுவிகாரவின் பெயர் இருக்கிறது. மைதானத்துக்குப் பிடித்தால் போகலாம், பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம். தபாலகத்தை அப்படித் தவிர்க்க முடியாது. தன் முகவரியில் தினமும் எழுத வேண்டிய பெயரை ஒருவர்மீது திணிப்பது, விழா மண்டபத்தில் ஒரு படத்தை மாட்டுவது போன்றதன்று.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் இந்தக் கேள்வியின் உயிர் இருக்கிறது.

மலையகத் தமிழரின் வரலாற்றில் பெயர் சூட்டும் உரிமை எப்போதும் மற்றவர் கையிலேயே இருந்திருக்கிறது. காட்டை வெட்டியவன் நம் பாட்டன். தோட்டத்தின் பெயரோ வெள்ளைக்காரத் துரையின் சொந்த ஊர்ப் பெயராகவோ அவர் மனைவியின் பெயராகவோ அமைந்தது. நம் ஆட்கள் தமக்குள்ளே வேறொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அது கங்காணியின் பெயராகவோ, ஒரு மரத்தின் பெயராகவோ, முந்திய துரையின் பட்டப் பெயராகவோ இருக்கும். அந்தப் பெயர் வாயில் இருந்தது, உறையில் ஏறவில்லை. ஏறினால் கடிதம் வந்து சேராது.

ஆனால் நம் எழுத்தாளர்கள் ஒரு சூட்சுமம் செய்தார்கள். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று ஊரைத் தம் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். ஊர் அவர்களுக்குக் காணியும் தரவில்லை, வீட்டு இலக்கமும் தரவில்லை. அவர்களோ ஊருக்குத் தங்கள் பெயரில் இடம் கொடுத்தார்கள். சென்னையிலும் சிட்னியிலும் இருக்கும் வாசகருக்கு மாத்தளை என்ற பெயரைக் கொண்டு சேர்த்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதரின் பெயரில் இடம் ஏறியாயிற்று. இடத்தின் பெயரில் மனிதர் ஏறுவது எப்போது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

கேட்பதற்கு முன்னால் தோட்டத்துத் தபால் எப்படி நடந்தது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் தப்பால்காரர் ஒரு பூட்டிய பையோடு தபாலகத்துக்கு நடப்பார். வெள்ளைக்காரர் காலத்தில் அவருக்குத் தப்பால் கூலி என்று பெயர். பையின் ஒரு சாவி தபாலகத்தில், இன்னொன்று தோட்டக் கந்தோரில். நடுவழியில் அவரால் திறக்க முடியாது. பை கந்தோருக்கு வந்ததும் கிளாக்கர் திறப்பார். துரையின் கடிதங்கள் முதலில் போகும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்த கடிதங்கள் மேசை மூலையில் கிடக்கும். வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அல்லது கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள், அல்லது அந்த லயத்துப் பக்கம் போகும் பிள்ளையின் கையில் திணிப்பார்கள். தபால்காரர் வீட்டுக்கு வந்து கடிதம் தருவார் என்பது பல தோட்டங்களில் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்த காட்சி.

இப்போது ஓர் உறையை மனக்கண்ணில் பாருங்கள்.

எம். லெட்சுமி,
4ஆம் லயம், மேற்பிரிவு,
இன்ன தோட்டம்,
எல்கடுவ.

நாலாம் லயத்தில் இருபது காம்பராக்கள் இருக்கலாம். அவற்றுள் எம். லெட்சுமி இரண்டு பேர் இருக்கலாம், அடுத்த பிரிவில் இன்னும் மூன்று பேர் இருக்கலாம். கடிதம் எந்த லெட்சுமிக்கு? அது நேர்முகப் பரீட்சைக் கடிதமாக இருந்து, தவறான காம்பராவில் ஒரு வாரம் கிடந்துவிட்டு, திகதி கடந்த பின் சரியான கைக்கு வந்தால் யார் பொறுப்பு? தபாலகம் "நாங்கள் தோட்டத்திடம் ஒப்படைத்தோம்" என்று சொல்லும். தோட்டம் "நாங்கள் ஆளிடம் கொடுத்தோம்" என்று சொல்லும். இரண்டும் உண்மையாகவே இருக்கும். வேலை மட்டும் போயிருக்கும். அடகு நகை ஏலம் போன பின் அறிவித்தல் வந்த கதையை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம்.

இதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், சபை அவர்களுடைய லயத்து ஒழுங்கைக்குக் கல் போட முடியாது! 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கொடுப்பது உள்ளூராட்சியின் வேலை. முப்பது வருடமாகச் சபையால் உள்ளே வர முடியாத இடத்தில் வீட்டு இலக்கம் எங்கிருந்து வரும்?

அதே 2018இல் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகளை மக்களிடம் கையளித்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். லயம் என்ற சொல்லிலிருந்து 'புரம்' என்ற சொல்லுக்கு ஏறியது நல்ல காரியம். ஆனால் நான் இதுவரை சொன்னதை வைத்து நீங்களே உரைத்துப் பாருங்கள். ஒரு புரத்துக்குப் பெயர் வைத்தபின் அந்தப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் மட்டும் எழுதி, தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுக் கடிதம் போட்டால் அது வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வந்தால் அது முகவரிப் பெயர். வராவிட்டால் பலகைப் பெயர். நம் மாவட்டத்தில் இனி எழும் ஒவ்வொரு புதிய குடியிருப்பையும் இந்த ஒரு சோதனையால் அளக்கலாம்.

ஆகவே நாளை நம் மாவட்டத்தில் ஒரு தபாலகத்துக்கு ஒருவரின் பெயரை வைக்க யோசனை வந்தால் என் நிலைப்பாடு என்ன என்று கேட்பீர்கள். எதிர்க்க மாட்டேன். சில நிபந்தனைகள் சொல்வேன்.

முதலாவது, ஊர்ப் பெயரை எடுக்கக் கூடாது. குறியீட்டு எண்ணைத் தொடவும் கூடாது. ஊர்ப் பெயர் மாறினால் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வாக்காளர் இடாப்பு, காணி உறுதி என்று எல்லாவற்றிலும் பழைய பெயர் ஒன்றும் புதிய பெயர் ஒன்றுமாக நிற்கும். கந்தோர் கந்தோராக அலைந்து அவற்றை ஒன்றாக்க வேண்டியவர் நாட்சம்பளத்தை விட்டு வர வேண்டியவராகவே இருப்பார். பெயர் வைத்தவர் அலைய மாட்டார்.

இரண்டாவது, உயிரோடு இருப்பவரின் பெயர் வேண்டாம். மறைந்து பத்தாண்டாவது போகட்டும். அதற்குள் அனுதாபமும் அடங்கிவிடும், ஆட்சியும் மாறிவிடும். அதன் பிறகும் ஊர் அவரை நினைத்தால் அந்தப் பெயருக்கு வலு இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, அந்தத் தபாலகத்தின் வரிசையில் நிற்கும் மூன்று சமூகத்தாரையும் கேட்டே வைக்க வேண்டும். மூன்று மொழியிலும் ஒரே நாளில், ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும். தமிழ் எழுத்தைப் பலகையின் அடியில் பிழையாக எழுதி ஒட்டிவிட்டு, "தமிழிலும் போட்டிருக்கிறோமே" என்று சொல்லும் பழக்கம் நமக்குத் தெரியாததா?

நான்காவது, பெயரைத் தேடும்போது அரசியல் தலைவர்களைத் தாண்டியும் பார்க்க வேண்டும். உப தபாலகங்கள் பல, அதை நடத்துகிறவர் தேடிக்கொடுத்த கட்டடத்திலேயே இயங்குகின்றன. "டீச்சரம்மா வீட்டுத் தபால் கந்தோர்" என்று மக்கள் தாமாகவே அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். எழுதத் தெரியாத மூதாட்டிக்கு மணியோடர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மகனின் கடிதத்தை வாசித்துக் காட்டியவர், இவர்கள்தான் அந்த இடத்துக்கு உரியவர்கள். சட்டமும் விழாவும் இல்லாமல் ஊர் வைத்த அந்தப் பெயர்களை எழுத்தில் ஏற்றுவதே உண்மையான பெயர் சூட்டல்.

ஐந்தாவதைக் கடைசியில் சொன்னாலும், வரிசையில் அதற்கே முதல் இடம். தபாலகத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் அந்தத் தபாலகம் சேவை செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி வேண்டும். ஒழுங்கைக்குப் பெயர், வீட்டுக்கு இலக்கம், வாசல் வரை வரும் தபால்காரர். ஒழுங்கைகளுக்குப் பெயர் வைக்கும்போது அந்த லயத்து மக்களே தெரிந்தெடுக்கட்டும். அங்கே வேண்டிய மட்டும் மனிதர் பெயர்களை வையுங்கள். அந்தத் தோட்டத்தில் முதன்முதல் பாடசாலை நடத்தியவர், தொழிற்சங்கம் கட்டியவர், பிரசவம் பார்த்த மருத்துவிச்சி என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொரு உறையிலும் ஏறும், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஏறும். அவைதான் வாழும்.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. அந்தப் பாதையில்தான் நம் முன்னோர் காட்டுக்குள் செத்து விழுந்தவர்களை விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். நடைபயணம் ஓகஸ்ட் 12ஆந் திகதி முடிந்த இடம் இதே மாத்தளை. நடந்து வந்து சேர்ந்த ஊரில் இருநூறு வருடம் கழித்தும் சொந்தமாக ஒரு முகவரி இல்லாமல் இருப்பவர்களின் கணக்கை இந்த ஊரிலிருந்தே தீர்க்கத் தொடங்கலாம்.

அதற்கு நீண்ட போராட்டம் தேவையில்லை. 33ஆம் பிரிவைத் திருத்தியாயிற்று, தடையென்று சொல்லிச் சபைகள் இனித் தப்ப முடியாது. இந்த மண்டபத்தில் இருக்கும் இளைஞர்கள் தத்தம் தோட்டத்தில் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு, எத்தனை லயம், எத்தனை வீடு, எந்த ஒழுங்கை என்று ஒரு வரைபடம் கீறுங்கள். ஒழுங்கைகளுக்கு மக்கள் சொல்லும் பெயரை அதில் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும், ஒன்றைத் தபாலதிபருக்கும், ஒன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் என்பதால் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அனுப்புநர் முகவரி எழுதும் மூலையில் புதிய ஒழுங்கையின் பெயரையும் வீட்டின் இலக்கத்தையும் துணிந்து எழுதுங்கள். பதில் அந்த முகவரிக்கே வந்து சேரட்டும். தபாலகத்துக்கு யார் பெயரை வைப்பது என்பதை அதன் பிறகு ஆறுதலாகக் கூடிப் பேசலாம்.